திரையில் சிகிச்சையாளர், அருகில் யார்?

திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் இருப்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார்: நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். முதல் மூன்றையும் நாம் மறப்பதில்லை. நல்ல டாக்டர் யார் என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். மருந்துக்குக் கடன் வாங்கியாவது செலவழிக்கிறோம். நான்காமவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வீட்டில் யாராவது ஒருவர் இருப்பார், அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம்.

கைபேசித் திரையில் மருத்துவரைப் பார்க்கும் வழக்கம் 2020-க்குப் பிறகு பரவிய பின், அந்த நான்காமவர் முன்னைவிட முக்கியமாகிவிட்டார். காய்ச்சல், சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்குத் திரையே பல நேரங்களில் போதும். பக்கவாதத்தில் கை விழுந்த தாய்க்கும், இடுப்பு எலும்பு முறிந்த தந்தைக்கும், நடக்கத் தாமதமாகும் குழந்தைக்கும் அது எவ்வளவு தூரம் உதவும்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தகுந்தவர்கள் ஆக்குபேஷனல் தெரபி என்னும் துறையைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய கருத்தைச் சொந்த ஊரைவிட்டு வந்து வாழும் நம் குடும்பங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓ.டி. என்றால் என்ன?

மருத்துவமனைச் சீட்டில் ஓ.டி. என்று எழுதியிருந்தால் ஆபரேஷன் தியேட்டர் என்று நினைத்துப் பதறுபவர்கள் உண்டு. ஆக்குபேஷனல் தெரபிக்கும் அதே சுருக்கம்தான். தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்பார்கள். இங்கே தொழில் என்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலை மட்டும் அன்று. சாப்பிடுவது, குளிப்பது, சேலை உடுத்துவது, காபி போடுவது, கோயிலுக்கு நடந்து போவது, குழந்தைக்கு விளையாடுவது என்று ஒருவருடைய நாளை நிரப்பும் செயல்கள் எல்லாமே தொழில்தான். பிசியோதெரபிஸ்ட் முழங்காலை மடங்கச் செய்கிறார். தொழில்வழிச் சிகிச்சையாளர் அந்தக் காலை வைத்துக்கொண்டு வீட்டுக் கழிவறையில் எப்படி உட்கார்ந்து எழுவது என்று வழி காட்டுகிறார். இரண்டும் வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் சொல்லலாம். சுள்ளிக்கல்லிலிருந்து கொஞ்ச தூரத்தில், கோட்டை கொச்சி வெளிப் பகுதியில் தோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்ததாக வழிவழியாகச் சொல்லப்படும் வண்ணார் சமூகத்துக் குடும்பங்கள் அங்கே சலவைத் தொழில் செய்கின்றன. 1976-ல் கட்டப்பட்ட தொட்டிகளில் துவைத்து, கனத்த இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கிறார்கள். அப்படி உழைக்கும் ஒருவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டால் மாத்திரை வலியைக் குறைக்கும். தொழில்வழிச் சிகிச்சையாளர் வேறு கேள்விகள் கேட்பார். மேசை உங்கள் இடுப்புக்கு எவ்வளவு உயரம்? பெட்டியை எந்தக் கையால் தூக்குகிறீர்கள்? ஈரத் துணியை எத்தனை தூரம் சுமக்கிறீர்கள்? மேசையை நான்கு விரற்கடை தாழ்த்துவதும் இவர்களுக்குச் சிகிச்சைதான்.

வேலூரும் செராயியும்

இத்துறை இந்தியாவுக்குப் புதிதன்று. அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்த கமலா நிம்ப்கர் அம்மையார் 1950-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான முதல் பள்ளியைத் தொடங்கினார். 1952-ல் அகில இந்தியச் சங்கம் உருவானது. அதே ஆண்டில் உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் கூட்டமைப்பு அமைந்தபோது, அதை நிறுவிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

நம் கொச்சிக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. கோட்டை கொச்சியிலிருந்து ஜங்காரில் வைப்பினுக்குக் கடந்து வடக்கே போனால் வரும் செராயியில் பிறந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிக்கொண்டிருந்த அவருக்கு 1954-ல் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கொச்சிக்காரர் ஒருவர் தமிழ்நாட்டில் வளர்த்த இத்துறையின் உதவி, தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்கு வந்த நமக்கு இப்போது தேவைப்படுகிறது.

தொலைமருத்துவம் வந்த வழி

தூரத்திலிருந்து மருத்துவம் பார்க்கும் முயற்சியும் கால் நூற்றாண்டாக நடக்கிறது. 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் ஆந்திராவின் அரகொண்டா கிராமத்தில் அப்பல்லோவின் தொலைமருத்துவ மையத்தை அமெரிக்க அதிபர் கிளின்டன் தொடங்கிவைத்தார். பின்னர் இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியாகப் பல மருத்துவமனைகள் இணைந்தன. ஆனாலும் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு அது வந்து சேர்ந்தது கொரோனா காலத்தில்தான். 2020 மார்ச் 25-ல் மத்திய அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. ஏப்ரலில் இ-சஞ்சீவனி வெளிநோயாளர் சேவை தொடங்கியது. ஜூனில் கேரளம் அதில் சேர்ந்தது. 2023 தொடக்கத்தில் நாடு முழுவதும் அதன் ஆலோசனைகள் 10 கோடியைத் தாண்டிவிட்டன.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020-ன் நெறிமுறைகள் பதிவு பெற்ற மருத்துவர்களுக்காக எழுதப்பட்டவை. தெரபிஸ்ட்டுகளின் வேலை அவற்றின் எல்லைக்குள் வரவில்லை. தொழில்வழிச் சிகிச்சை உள்ளிட்ட துணை மருத்துவத் துறைகளுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் 2021-ல்தான் வந்தது. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தின் கணினியில் மருத்துவரைப் பிடிப்பது எளிது. அதே கணினியில் தொழில்வழிச் சிகிச்சையாளரைப் பிடிப்பது அத்தனை எளிதன்று. பெரும்பாலும் மருத்துவமனையிலோ மறுவாழ்வு நிலையத்திலோ ஒருமுறை நேரில் பார்த்தவர், பிறகு வாட்ஸ்அப் வீடியோவில் தொடர்ந்து பார்ப்பதாகவே இது நடக்கிறது.

அவர்கள் விரும்புவது எதை?

உலகக் கூட்டமைப்பு 2014-லேயே தொலைவழிச் சேவையை ஏற்று அறிக்கை வெளியிட்டது. நேரில் தரும் சிகிச்சைக்கு என்ன தரமோ, அதே தரம் தூரத்திலிருந்து தருவதற்கும் வேண்டும் என்பது அதன் அடிப்படை. கொரோனாவுக்குப் பிறகு பல நாடுகளிலும் இத்துறையினரின் அனுபவத்தைக் கேட்டறிந்திருக்கிறார்கள். நாடு வேறானாலும் சொல்வது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது.

அவர்களுக்கு மிகவும் பிடித்த விஷயம், திரை அவர்களை வீட்டுக்குள் அழைத்துப் போகிறது என்பது. மருத்துவமனையில் தரை சமம், கட்டில் உயரம், கழிவறையில் கைப்பிடி உண்டு. அங்கே நன்றாக நடந்த பாட்டி வீட்டுக்கு வந்ததும் தடுமாறுவார். காரணம் வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டைத் திரை காட்டிக்கொடுக்கிறது.

சுள்ளிக்கல்லில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஊர் சங்கரன்கோவில் பக்கம். பக்கவாதத்தில் வலது கை தளர்ந்த தாயாரை மகன் இங்கே அழைத்துவந்து வைத்திருக்கிறார். வீடியோவில் வரும் சிகிச்சையாளர் முதலில் கையைப் பற்றிக் கேட்கமாட்டார். "அம்மா, காலையில எழுந்ததும் எங்க போவீங்களோ அங்க நடந்து காட்டுங்க" என்பார். "தம்பி, நீங்க போனைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிங்க, தரை தெரியட்டும்" என்பார். கட்டில் தாழ்வாக இருப்பது தெரியும். நிலைப்படியில் கால் தட்டுவது தெரியும். குளியலறை வாசலில் வழுக்கும் மிதியடி கிடப்பதும், பிடித்துக்கொள்ளத் துண்டு போடும் கம்பியைத் தவிர வேறொன்றும் இல்லாததும் தெரியும். துண்டுக் கம்பி ஆளின் கனத்தைத் தாங்காது. அரை மணி நேர நேர்முகத்தில் வெளிவராத இத்தனையும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும்.

சாப்பாட்டு வேளையில் அழைத்தால் இன்னும் நல்லது என்பார்கள். வெளிநாட்டுப் பாடநூல்கள் கரண்டி பிடிக்கக் கற்றுத்தரும். நம் தாயாருக்கோ சோற்றைப் பிசைந்து உண்ண வேண்டும், ஒரு கையால் தோசையைப் பிய்க்க வேண்டும். தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத் துணியை விரிப்பது, விளிம்பு உயர்ந்த தட்டில் போடுவது போன்ற சிறு யோசனைகள், அவர் உண்பதைப் பார்த்தால்தான் தோன்றும். பயணச் செலவு மிச்சம், மகனுக்கு ஒரு நாள் கூலி மிச்சம் என்பவையும் உண்டு. வேலூருக்குப் போவதென்றால் எர்ணாகுளத்தில் ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்க ஓர் இரவு ஆகும். நோயாளியோடு அந்தப் பயணம் எப்படிப்பட்டது என்று போனவர்களுக்குத் தெரியும்.

அவர்கள் அஞ்சுவது எதை?

தொட முடியாது. இதுதான் முதல் கவலை. தளர்ந்த கையில் இறுக்கம் எவ்வளவு, சூடு தெரிகிறதா, தோள்மூட்டு இறங்கியிருக்கிறதா என்பதை விரல்தான் அறியும். கை மடங்கிப்போகாமல் கட்டும் பட்டையை அளவெடுத்துப் பொருத்தத் திரையால் ஆகாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு முதன்முதலாக மாற்றுவதைத் திரை வழியே சொல்லிக்கொடுக்க அவர்கள் தயங்குகிறார்கள். விழுந்தால் பிடிக்க அவர்கள் கை அங்கே இல்லை.

இரண்டாவது, சொல்லாமல் போகும் விஷயங்கள். குளிப்பது, மலஜலம் கழிப்பது, உடை மாற்றுவது ஆகியவைதான் இவர்களுடைய பாடம். ஒற்றை அறை வீட்டில் பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்க, மருமகள் போனைப் பிடிக்க, ஒரு பெரியவர் இதையெல்லாம் எப்படிப் பேசுவார்? "நல்லாத்தான் இருக்கேன்" என்று முடித்துவிடுவார். பல வீடுகளில் பெரியவரைக் கேட்ட கேள்விக்கு மகனே பதில் சொல்லிவிடுகிறார்.

மூன்றாவது, காது மந்தம், கண் மங்கல், இணைப்பு அறுந்து போவது. நான்காவது மொழி. கேரளத்தில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. ஊரிலிருந்து வந்த தாயாருக்கு அப்படியன்று. "வலிக்குது" என்பதற்கும் "குத்துது", "மதமதன்னு இருக்கு" என்பதற்கும் உள்ள வேறுபாடு மொழிபெயர்ப்பில் கரைந்துவிடும். பக்கவாதத்தில் பேச்சும் குழறியிருந்தால் தாய்மொழி ஒன்றுதான் துணை. இந்த ஓர் இடத்தில் தூரமே நமக்கு உதவியாக வருகிறது. தமிழ்நாட்டில் இருக்கும் சிகிச்சையாளர் தமிழிலேயே கேட்பார்.

இவையெல்லாவற்றையும் கூட்டிக் கழித்து அவர்கள் சொல்லும் முடிவு: முதலில் நேரில், பிறகு திரையில், இடையிடையே மறுபடி நேரில். அத்தோடு, திரைக்கு இந்தப் பக்கம் பயிற்சி பெற்ற ஒரு கை.

ஆய்க்குடி காட்டிய வழி

அந்தக் கையை எப்படி உண்டாக்குவது என்பதற்குத் தென்காசி மாவட்டத்து ஆய்க்குடி நல்ல சான்று. 1975-ல் கடற்படை அதிகாரிக்கான தேர்வில் கலந்துகொண்டபோது முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். அவர் 1981-ல் தம் ஊரில் தொடங்கியது அமர் சேவா சங்கம். தசைச் சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் 1992-ல் வந்து சேர்ந்தார். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

வளர்ச்சியில் பின்தங்கிய சிறு குழந்தைகளுக்கு எவ்வளவு சீக்கிரம் பயிற்சி தொடங்குகிறதோ அவ்வளவு பலன். ஆனால் கிராமம்தோறும் தெரபிஸ்ட்டை அனுப்ப ஆள் கிடையாது. அந்த நிறுவனம் கனடாவில் இயங்கும் ஹாண்டி-கேர் இன்டர்நேஷனலோடு சேர்ந்து ஒரு வழி கண்டது. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி தந்து களப்பணியாளர் ஆக்கினார்கள். அவர்கள் கையில் ஒரு டேப்லெட். அதில் 'எனேப்ளிங் இன்க்ளூஷன்' என்னும் செயலி. களப்பணியாளர் வீட்டுக்குப் போய்க் குழந்தையோடும் தாயோடும் உட்கார்ந்து பயிற்சி செய்து, நிலைமையைப் பதிகிறார். தொழில்வழிச் சிகிச்சை, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி ஆகியவற்றில் தேர்ந்தவர்கள் அதைப் பார்த்து அடுத்த படியைச் சொல்கிறார்கள். 2020-ல் ஊரடங்கு வந்து வீட்டுக்குப் போவது நின்றபோது போனிலும் வீடியோவிலும் தொடர்ந்தார்கள். ஏற்கெனவே தாய்மார்களுக்குப் பயிற்சி தந்திருந்ததால் அது முடிந்தது. கருவி எல்லோரிடமும் இருக்கிறது. அவர்களிடம் கூடுதலாக இருந்தது பழக்கப்பட்ட கை.

எர்ணாகுளத்திலிருந்து தென்காசிக்குப் பாலருவி எக்ஸ்பிரஸில் போய்வரும் நம்மவர்களுக்கு ஆய்க்குடி தூரமன்று. போகும்போது ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

நாம் செய்யக்கூடியவை

கொச்சியிலும் வசதிக்குக் குறைவில்லை. கருவேலிப்படித் தாலுகா மருத்துவமனை நமக்குப் பக்கம். ஆர்த்ரம் திட்டத்தில் 2017 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப ஆரோக்கிய கேந்திரங்களாக மாறிவருகின்றன. 2008-லேயே அரசுக் கொள்கையாக ஏற்கப்பட்ட பாலியேட்டிவ் பராமரிப்பில், படுத்திருப்பவரைத் தேடி நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். ஆஷா பணியாளர்களும் இருக்கிறார்கள். திருச்சூர் மாவட்டம் கல்லேற்றுங்கரையில், இரிஞ்சாலக்குடா ரயில் நிலையம் இருக்கும் அதே ஊரில், நிப்மர் என்னும் அரசு மறுவாழ்வு நிறுவனம் உள்ளது. நேரில் பார்க்க வேண்டிய முதல் சந்திப்புக்கு இவற்றை நாடலாம். வாத்துருத்தி போன்ற இடங்களில் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியாக இருக்கும் தொழிலாளத் தோழர்களுக்கும் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

வீடியோ அழைப்புக்கு முன் இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்:

1. போன் பிடிக்க ஒருவர், நோயாளி அருகில் நிற்க இன்னொருவர். ஒரே ஆள் இரண்டும் செய்தால் இரண்டும் கெடும்.

2. மருத்துவமனையிலிருந்து வரும்போது தந்த சுருக்கச் சீட்டு, மருந்துப் பட்டியல், பெரியவரின் மூக்குக் கண்ணாடி, காதுக் கருவி எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

3. வீட்டை ஒழுங்குபடுத்தி அழகாகக் காட்ட வேண்டாம். அன்றாடம் இருப்பதுபோலவே காட்டுங்கள்.

4. பெரியவரே பதில் சொல்லட்டும். ஐந்து நிமிடமாவது மற்றவர்கள் வெளியே போய்விடுங்கள். பெண் நோயாளி என்றால் பெண் துணை இருப்பது நல்லது.

5. தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். சட்டை போடும்போது தளர்ந்த கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

6. சொல்லித்தந்ததை ஒருமுறை திரையிலேயே செய்துகாட்டி, சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடப்பது, இடம் மாறுவது போன்ற புதுப் பயிற்சிகளைத் தனியே முயல வேண்டாம்.

7. முகம் ஒரு பக்கம் கோணுவது, கை திடீரென்று தளர்வது, பேச்சு குழறுவது கண்டால் வீடியோவுக்குக் காத்திராதீர்கள். உடனே 108. இரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். உண்ணும்போது புரையேறிக்கொண்டே இருந்தாலும் நேரில் காட்டியாக வேண்டும்.

பெற்றோர் ஊரில், பிள்ளைகள் இங்கே என்றிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. மாதாமாதம் பணம் அனுப்புகிறோம், நல்ல போனும் வாங்கிக்கொடுத்திருக்கிறோம். அந்தப் போனை அப்பா நடக்கும்போது பிடிக்க அங்கே யார் இருக்கிறார்கள்? பக்கத்து வீட்டுப் பெண்ணா, சித்தியா, பள்ளி விட்டு வரும் பேரனா? அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை சிகிச்சையாளரிடம் நேரில் போய்வாருங்கள். மூன்று வழி அழைப்பில் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். பக்கவாதத்துக்குப் பிந்தைய முதல் சில மாதங்களில் தேறுவதே அதிகம். தீபாவளிக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், மீண்டிருக்கக்கூடிய கை மடங்கியே நின்றுவிடலாம்.

நம் சங்கத்து இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசுவீர்கள். கைபேசியும் உங்களுக்குக் கைவந்த கலை. உங்கள் தெருவில் முதியவர் ஒருவருக்கு இத்தகைய அழைப்பு வருமானால், அரை மணி நேரம் அருகில் இருங்கள். போனைப் பிடியுங்கள், சொல்வதை எழுதிவையுங்கள், புரியாததைக் கேட்டுச் சொல்லுங்கள். வள்ளுவர் நான்காவதாக வைத்த இடம் அதுதான். பட்டமும் கட்டணமும் இல்லாத அந்த இடம் பல வீடுகளில் காலியாகவே கிடக்கிறது.